டெல்டாவில் மண்ணில்லா விவசாயம்: அமிலப் பாட்டிலைத் திறப்பதற்கு முன்

திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே, கடற்காற்று எட்டும் தூரத்தில் எங்கள் வீடு. மொட்டைமாடியில் நான்கு பிவிசி குழாய்களை மரச்சட்டத்தில் ஏற்றி, அடியில் ஒரு நீல டிரம் வைத்து, மண்ணில்லாமல் புதினாவும் பாலக்கீரையும் வளர்க்கத் தொடங்கியபோது அப்பா கேட்டார்: “ஆறு பாயும் ஊரில் இருந்துகொண்டு டிரம்மில் தண்ணீர் அளந்து பயிர் வைக்கிறாயே, பார்ப்பவர்கள் சிரிக்கமாட்டார்களா?” சிரித்தார்கள். மூன்றாவது வாரம் தளிர் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக, மற்ற இடமெல்லாம் எலுமிச்சை நிறத்தில் வெளுத்தபோது எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

எல்லாம் சரியாகத்தான் செய்கிறோம் என்று நினைத்திருந்தேன். கரைசலின், அதாவது சத்து கலந்த தண்ணீரின், அமில கார அளவான பி.எச். 5.5-க்கும் 6.5-க்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் இறங்கும் எல்லோருக்கும் முதல் நாளே சொல்லப்படும் பாடம். தினமும் காலையில் அமிலம் விட்டு 6-க்குக் கொண்டுவருவேன். மறுநாள் காலையில் 7.4. மறுபடி அமிலம், மறுபடி 7.4. இரண்டே வாரத்தில் அரை பாட்டில் அமிலம் தீர்ந்தது, செடி தேறவில்லை. கோளாறு கரைசலில் இல்லை, நான் கலக்கப் பயன்படுத்திய ஆழ்குழாய்த் தண்ணீரில் இருந்தது என்று தெரிந்துகொள்ள இன்னொரு மாதம் ஆயிற்று. அந்த ஒரு மாதத்தை உங்களுக்கு மிச்சப்படுத்தத்தான் இதை எழுதுகிறேன். குழாய் வாங்குவது, நாற்று வைப்பது எல்லாம் இங்கே பேசப்போவதில்லை. தண்ணீர் மட்டும்.

காரத்தன்மை என்ற ஒரு சொல், இரண்டு பொருள்

தமிழில் நமக்கு ஒரு சங்கடம் உண்டு. பி.எச். 7-க்கு மேலே போனால் “தண்ணீர் காரத்தன்மையாக இருக்கிறது” என்கிறோம். ஆய்வக அறிக்கையில் “மொத்தக் காரத்தன்மை” என்று தனியாக ஒரு வரி இருக்கும். லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று போட்டிருப்பார்கள். இரண்டும் ஒன்றல்ல. பி.எச். என்பது தண்ணீர் இந்த நிமிடம் எங்கே நிற்கிறது என்று காட்டும் எண். மொத்தக் காரத்தன்மை என்பது அதை அங்கிருந்து நகர்த்த எவ்வளவு அமிலம் தின்னும் என்பதற்கான கணக்கு. அந்த அமிலத்தைத் தின்பது பெரும்பாலும் தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட்.

மழைநீரும் ஆழ்குழாய் நீரும் ஒரே நாளில் 7.5 காட்டலாம். மழைநீரில் ஒரு சொட்டு அமிலம் விட்டால் முள் சரசரவென்று இறங்கிவிடும். ஆழ்குழாய் நீர் அசையாது. அசைந்தாலும் மறுநாள் ஏறிவிடும்: அமிலம் பட்ட பைகார்பனேட் கரியமில வாயுவாக மாறி முதலில் தண்ணீரிலேயே தங்குகிறது, அது தங்கியிருக்கும்வரை பி.எச். தாழ்வாகக் காட்டும். இரவெல்லாம் மோட்டார் ஓடிக் கரைசல் சுழலும்போது வாயு வெளியேறிவிடும், எண் மேலே வந்துவிடும். நான் காலைதோறும் பார்த்த 7.4 இதுதான்.

பி.எச். ஏறினால் என்ன கெட்டுவிடும்? கரைசலில் நாம் போட்ட இரும்பும் மாங்கனீசும் வேர் எடுக்க முடியாத வடிவத்துக்கு மாறும். சத்து டிரம்மில் இருக்கும், செடி பட்டினி கிடக்கும். இளம் இலை வெளுத்து நரம்பு பச்சையாக நிற்பது அந்தப் பட்டினியின் அடையாளம். இந்த அளவுகோலில் ஒரு எண் வித்தியாசம் என்றால் பத்து மடங்கு என்பதையும் மனத்தில் வையுங்கள். 6-க்கும் 7.4-க்கும் இடையில் இருப்பது இருபத்தைந்து மடங்கு.

முதல் வேலை: உங்கள் தண்ணீர் எப்படிப்பட்டது?

இதற்கு முதல் ஆய்வகம் சமையலறை. பருப்பு வேக நேரமாகிறதா, சோப்பு நுரைக்க மறுக்கிறதா, வெந்நீர்ப் பானையின் உள்பக்கம் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிகிறதா என்று வீட்டில் சமைப்பவரைக் கேளுங்கள். மூன்றுக்கும் “ஆமாம்” என்றால் அது கடின நீர், பைகார்பனேட்டும் தாராளமாக இருக்கும். பிடித்துவைத்த தண்ணீர் மறுநாள் அடியில் செங்காவியாகப் படிந்தால் இரும்பு இருக்கிறது. அந்த இரும்பு செடிக்கு உதவாது; சொட்டுக்குழாயையும் மோட்டார் வடிகட்டியையும் அடைப்பதற்குத்தான் உதவும். குடிக்கும்போதே நாக்கில் உவர்ப்புத் தட்டினால் சோதனைகூடத் தேவையில்லை.

அடுத்தது எண். மாவட்டத் தலைநகரங்களில் குடிநீர் வடிகால் வாரியத்தின் நீர்ப் பரிசோதனைக்கூடம் இருக்கிறது. வேளாண் துறையின் மண் பரிசோதனை நிலையங்களும் பாசன நீரைப் பார்த்துத் தருகின்றன. எங்கே கொடுப்பது என்று தெரியவில்லை என்றால் நீடாமங்கலம், சிக்கல் வேளாண் அறிவியல் நிலையங்களில் கேட்டால் வழிசொல்வார்கள். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரால் பாட்டிலை மூன்று முறை அலசி, காற்றுக் குமிழி இல்லாமல் வாய்வரை நிரப்பி, அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். குளிர்பான பாட்டிலில் அரைகுறையாகப் பிடித்து இரண்டு நாள் பைக் பெட்டியில் வைத்திருந்து கொடுத்தால் வரும் எண் பெட்டியைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

அறிக்கை வந்ததும் நான்கு வரிகளை மட்டும் பாருங்கள். மின்கடத்துத்திறன், அதாவது இ.சி. (கரைந்த உப்பின் அளவைக் காட்டுவது, சென்டிமீட்டருக்கு மில்லிசீமென்ஸ் கணக்கில்): 0.5-க்குள் இருந்தால் அருமை, 1 வரை மழைநீர் கலந்து சமாளிக்கலாம், 1.5-ஐத் தாண்டினால் அந்தத் தண்ணீரை இந்த வேலைக்கு மறந்துவிடுங்கள். சில ஆய்வகங்கள் மைக்ரோ அலகில் தருவார்கள். 1,000 என்று போட்டிருந்தால் நம் கணக்கில் 1. மொத்தக் காரத்தன்மை: லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குள் இருந்தால் கவலையில்லை, 150-ஐத் தாண்டினால் வேலை இருக்கிறது. சோடியம் 50-க்குள் இருக்க வேண்டும். குளோரைடும் சோடியத்தின் கூடப்பிறந்ததுபோலத்தான், அதே கண்ணோடு பாருங்கள்.

சோடியத்துக்கு ஏன் இத்தனை கெடுபிடி? வயலில் உப்பு சேர்ந்தால் மழை வந்து கழுவிக்கொண்டு போகும். டிரம்மில் சுழலும் தண்ணீரை யார் கழுவுவது? செடி தண்ணீரைக் குடித்துவிட்டு உப்பை அப்படியே விட்டுவைக்கும். நீங்கள் ஊற்றும் ஒவ்வொரு வாளியிலும் இன்னும் கொஞ்சம் சேரும். 1930-இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து உப்பு எடுக்கப் போனது எங்கள் பக்கத்து வேதாரண்யத்துக்கு. உப்புக்கு எங்கள் ஊரில் பஞ்சமே கிடையாது. தஞ்சாவூர், கும்பகோணம், திருவையாறு பக்கம் ஆற்றோரம் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. அவர்கள் பார்க்க வேண்டியது பைகார்பனேட்.

ஆய்வகத்துக்கு அடிக்கடி போக முடியாது என்பதால் மீன்தொட்டிக் கடையில் ஒரு சிறிய சோதனைப் பெட்டி வாங்கிவைத்திருக்கிறேன். காரத்தன்மை பார்க்கும் சொட்டு மருந்து என்று கேட்டால் தருவார்கள். 5 மில்லி தண்ணீரில் சொட்டுச்சொட்டாக விட்டுக் குலுக்க வேண்டும். நீலம் மஞ்சளாக மாறும் வரை எத்தனை சொட்டு என்று எண்ண வேண்டும். பெரும்பாலான பெட்டிகளில் ஒரு சொட்டுக்கு ஏறத்தாழ 18 மில்லிகிராம். என் ஆழ்குழாய் நீர் மாறுவதற்கு 14 சொட்டு ஆனது. அதாவது 250. இத்தனை நாள் நான் மல்லுக்கட்டிய பகைவனின் பலம் என்னவென்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இரண்டாவது வேலை: மழைநீரைச் சேர்ப்பதும் கலப்பதும்

250 காரத்தன்மை உள்ள 100 லிட்டர் தண்ணீரை 5.8-க்குக் கொண்டுவந்து அங்கேயே நிறுத்த, கடையில் விற்கும் 85 சதவீத பாஸ்பாரிக் அமிலம் சுமார் 26 மில்லி வேண்டும். விட்டுவிடலாமே என்று தோன்றும். விட்டால் அந்த அமிலத்தோடு சேர்ந்து லிட்டருக்கு 120 மில்லிகிராம் பாஸ்பரஸ் போய்விடும். கீரைக்கு 30, 40 போதும். மிஞ்சியது சும்மா இருக்காது. கால்சியத்தோடு சேர்ந்து வெள்ளையாகப் படியும், இரும்பையும் துத்தநாகத்தையும் வேருக்கு எட்டாமல் செய்யும். எனவே வழி அமிலம் அல்ல, மழை.

1,000 சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் விழுகிறது. சிந்தியது, ஆவியானது போக 700-க்குக் குறையாது. ஐப்பசி, கார்த்திகையில் நமக்கு அந்த ஒரு சென்டிமீட்டர் ஒரு காலைப்பொழுதுச் சங்கதி. ஆயிரம் லிட்டர் பிளாஸ்டிக் தொட்டிகள் மூன்று நிரம்பிவிட்டால், அறுபது எழுபது செடி உள்ள என் அமைப்புக்கு அடுத்த ஆனி வரை ஓடும். பருவத்தின் முதல் மழையை மட்டும் வெளியே விட்டுவிடுங்கள்: தூசி, பறவை எச்சம், கடலோரமானால் காற்று கொண்டுவந்து அப்பிய உப்பு எல்லாம் அதில்தான் வரும். தொட்டி வெயில் புகாத கருப்பு நிறமாக இருக்கட்டும், வாயில் வேட்டித்துணி கட்டிக் கொசு போகாமல் மூடுங்கள்.

தொட்டி என்றதும் சிக்கனம் பார்த்து நான் செய்த ஒரு காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். கொத்தனாரை வைத்து ஒரு சிறிய சிமெண்ட் தொட்டி கட்டினேன். முதல் மழைநீர் பிடித்து ஒரு வாரம் கழித்து அளந்தால் 9.5. புதுச் சிமெண்டிலிருந்து கரைந்த சுண்ணாம்பு. தண்ணீர் நிரப்பி நிரப்பி வெளியேற்றி, அந்தத் தொட்டி அடங்குவதற்குள் மழைக்காலம் முடிந்துவிட்டது. சுண்ணாம்புத் தளம் போட்ட பழைய மாடியிலிருந்து வரும் நீரிலும் இந்தக் குணம் கொஞ்சம் உண்டு.

இனி கலவை. ஒரு பங்கு ஆழ்குழாய் நீர், மூன்று பங்கு மழைநீர். 250 நான்கில் ஒன்றாகி 62 ஆகும். அதே 100 லிட்டருக்கு இப்போது வேண்டிய அமிலம் ஆறு, ஏழு மில்லிதான். அது கொண்டுவரும் பாஸ்பரஸ் 30 மில்லிகிராம், செடிக்குத் தேவையான அளவு. முழுவதும் மழைநீராகவே ஊற்றிவிடலாமே என்று கேட்பார்கள். வேண்டாம். பைகார்பனேட்டே இல்லாத தண்ணீருக்குப் பிடிமானம் கிடையாது; வேர் கொஞ்சம் மூச்சு விட்டால்கூட பி.எச். தாவும். 50, 60 காரத்தன்மை என்பது வண்டிக்கு அச்சாணி மாதிரி, இருக்கட்டும். வீட்டில் ஆர்.ஓ. இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கும் இதுவே கணக்கு: வடிகட்டிய நீரில் கொஞ்சம் ஆழ்குழாய் நீரைத் திரும்பக் கலந்துவிடுங்கள். அதன் கழிவு நீர் மூலத் தண்ணீரைவிட உப்பானது. அதைத் தோட்டத்தில் விடாதீர்கள்.

வாய்க்கால் தண்ணீர் உப்பு குறைந்தது, ஆனால் களிமண்ணும் பாசியும் வேரழுகல் நோய்க் கிருமிகளும் கூடவே வரும். தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறம் உரைத்துத் தெளியவைப்பது நம் பாட்டிமார் வழி. கலங்கல் அடங்கும், கிருமி சாகாது. நான் வாய்க்கால் நீரைத் தவிர்த்துவிடுகிறேன். பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை அடித்தால் அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் வெயிலில் வையுங்கள், போய்விடும்.

மூன்றாவது வேலை: கருவிகளை நம்பலாமா?

மஞ்சள் நீரில் சுண்ணாம்பு போட்டால் ஆரத்தி சிவப்பது கார அமிலச் சோதனைதான். நம் வீடுகளில் காலங்காலமாக நடக்கிறது. ஆனால் மஞ்சள் நிறம் மாறுவது 7.4-க்கு மேலே. நமக்கு வேண்டிய 5.5, 6.5 அதன் கண்ணுக்குத் தெரியாது. எனவே பேனா வடிவ மீட்டர் வாங்கத்தான் வேண்டும், கூடவே பி.எச். பார்க்கும் சொட்டு மருந்து சோதனைப் பெட்டி ஒன்றும். மீட்டர் சந்தேகமாகத் தெரியும் நாளில் சொட்டு மருந்துதான் சாட்சி.

மீட்டரோடு வரும் பொடிப் பொட்டலங்களைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். 6.86, 4.01 என்று போட்டிருக்கும் இரண்டும் வேண்டும், 9.18 நம் வேலைக்கு வேண்டியதில்லை. பொட்டலத்தில் எழுதியிருக்கும் அளவு காய்ச்சி வடித்த நீரில் கரையுங்கள். பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் போதும். முதலில் 6.86-இல் நனைத்து அந்த எண்ணுக்குத் திருத்துங்கள், அலசுங்கள், பிறகு 4.01. வாரம் ஒருமுறை இதைச் செய்ய வேண்டும். திருத்திய பிறகும் 4.01 கரைசலில் 4.4 என்று அடம்பிடித்தால் முனையின் ஆயுள் முடிந்தது. மலிவு மீட்டர் ஓராண்டு உழைத்தால் அதுவே பெரிது. முனையை உலரவிடக்கூடாது; காய்ச்சி வடித்த நீரில் ஊறப்போடவும் கூடாது, அதுவே முனையைக் கெடுக்கும். பொட்டாசியம் குளோரைடு சேமிப்புக் கரைசல் விற்கிறார்கள். கிடைக்காவிட்டால் மூடியில் 4.01 கரைசல் நாலு சொட்டு விட்டு மூடிவையுங்கள். வெறும் மழைநீரில் மீட்டரை வைத்தால் எண் நிலையில்லாமல் அலையும். உப்பே இல்லாத நீரில் அது அப்படித்தான், பயப்பட வேண்டாம்.

இ.சி. மீட்டர் கரைசலில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று சொல்லும். என்ன உப்பு என்று சொல்லாது. பால்காரரின் பால்மானியை நினைத்துக்கொள்ளுங்கள். கும்பகோணத்து டிகிரி காபிக்கு அந்தப் பெயர் வந்ததே பால்மானியின் டிகிரியால்தான் என்பார்கள். அது அடர்த்தியைக் காட்டும்; அடர்த்தி பாலால் வந்ததா, வேறெதையாவது கலந்ததால் வந்ததா என்று அதற்குத் தெரியாது. 1.6 என்ற இ.சி. முழுவதும் சத்தாக இருக்கலாம். பாதி வேதாரண்யத்து உப்பாகவும் இருக்கலாம். அதனால்தான் தண்ணீரின் இ.சி.-யை முதலில் அளந்து குறித்துக்கொள்ளச் சொல்கிறேன். இன்னொன்று: பி.பி.எம். என்று காட்டும் மீட்டர்களில் சில ஒரு இ.சி.-யை 500 என்றும் சில 700 என்றும் மாற்றிக் காட்டும். இரண்டு பேர் இரண்டு மீட்டரை வைத்துக்கொண்டு 1,000 பி.பி.எம். என்று பேசிக்கொண்டால் இருவர் சொல்வதும் வேறு வேறு. இ.சி.-யிலேயே பேசுங்கள், வம்பு இல்லை.

நான்காவது வேலை: கரைசல் கலப்பது

100 லிட்டருக்கு நான் செய்வதைச் சொல்கிறேன். முதல் நாள் சாயங்காலம் டிரம்மில் 75 லிட்டர் மழைநீர், 25 லிட்டர் ஆழ்குழாய் நீர். அமிலம் கொஞ்சம்கொஞ்சமாக விட்டு 5.8-க்குக் கொண்டுவந்து, மீன்தொட்டிக் காற்றுமோட்டாரை இரவு முழுவதும் ஓடவிடுகிறேன். காலையில் வாயு வெளியேறி 6.2, 6.4 என்று ஏறியிருக்கும். அப்போது காட்டுவதுதான் உண்மையான எண்.

அமிலத்தை ஒருபோதும் நேராக டிரம்மில் ஊற்றாதீர்கள். ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் 900 மில்லி தண்ணீர் எடுத்து, அதில் 100 மில்லி அமிலத்தை மெல்ல விட்டு நீர்த்துவைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில்தான் அமிலம், அமிலத்தில் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். ரப்பர் கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடக்கூடாது. பாட்டிலின் மேல் பெரிய எழுத்தில் எழுதி, குழந்தைகள் கை எட்டாத இடத்தில் பூட்டிவையுங்கள். இந்த நீர்த்த அமிலத்தில் 10 மில்லி விட்டு, கலக்கி, ஐந்து நிமிடம் பொறுத்து அளப்பது என் வழக்கம். மேலே சொன்ன கலவைக்கு மொத்தம் 60, 70 மில்லி பிடிக்கும்.

காலையில் சத்துகள். இரண்டு வாளி எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் கால்சியம் நைட்ரேட் 80 கிராம். மற்றொன்றில் 13-0-45 என்று மூட்டையில் போட்டிருக்கும் பொட்டாசியம் நைட்ரேட் 40 கிராம், மெக்னீசியம் சல்பேட் 40 கிராம், செலேட் செய்யப்பட்ட (படியாமல் கரைந்தே நிற்கும் வடிவிலான) இரும்பும் நுண்ணூட்டக் கலவையும் பொட்டலத்தில் சொன்ன அளவு. இரண்டு வாளியையும் ஒன்றோடொன்று கலந்துவிடாதீர்கள். அடர்த்தியாக இருக்கும்போது கால்சியமும் சல்பேட்டும் சந்தித்தால் திரிந்த பால்போல வெள்ளை படியும். படிந்தது ஜிப்சம், அது எளிதில் திரும்பக் கரையாது. முதல் வாளியை டிரம்மில் ஊற்றி நன்றாகக் கலக்கிய பிறகு இரண்டாவது. பாஸ்பரஸ் எங்கே என்று கேட்பீர்கள். அமிலத்திலேயே வந்துவிட்டது, அதற்காகத் தனியே உரம் போட வேண்டாம். முழு மழைநீர் வைத்து அமிலமே விடாதவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அவர்கள் 0-52-34 உரம் 15 கிராம் சேர்த்து, பொட்டாசியம் நைட்ரேட்டை 30-ஆகக் குறைக்க வேண்டும்.

இ.சி. 1.6-லிருந்து 1.8-க்குள் வரும். பாலக், புதினா, தண்டுக்கீரைக்கு இது சரி. இளநாற்று என்றால் பாதியாக நீர்த்துக்கொள்ளுங்கள். கடைசியில்தான் மறுபடி பி.எச். பார்க்க வேண்டும், ஏனென்றால் சத்துகளும் எண்ணைக் கொஞ்சம் இறக்கும்.

உரக்கடையில் 19:19:19 ஒன்றே போதும் என்று கொடுத்து அனுப்புவார்கள். அதிலுள்ள தழைச்சத்தில் பெரும்பகுதி யூரியா. மண்ணில் நுண்ணுயிர்கள் அதை மாற்றிக் கொடுக்கும். டிரம்மில் அந்த ஆட்கள் போதிய அளவு இல்லை. கால்சியமும் அதில் கிடையாது. வயலுக்குத் தெளிக்க நல்ல உரம், இங்கே வேண்டாம்.

எலுமிச்சை, வினிகர், புளிக்கரைசல் எல்லாவற்றையும் நானும் முயன்று பார்த்தவன்தான். பித்தளைக் குடம் பளிச்சென்று ஆகும், டிரம் ஆகாது. அந்த அமிலங்களை நுண்ணுயிர்கள் ஓரிரு நாளில் தின்றுவிடும். எண் பழைய இடத்துக்கே வரும், குழாயில் கோழைபோல வழவழப்பு படரும். கழிவறை கழுவும் அமிலத்தில் குளோரைடு. பழைய பேட்டரி அமிலத்தில் ஈயம். சாப்பிடும் கீரை என்பதை மறக்கக்கூடாது. பி.எச். அளவுக்கு மீறி இறங்கிவிட்டால் ஏற்றுவதற்குச் சமையல் சோடா போடச் சொல்வார்கள். அது சோடியம், கதவை அடைத்துவிட்டு ஜன்னல் வழியாக உப்பைக் கொண்டுவருகிற கதை. பொட்டாசியம் பைகார்பனேட் ஒரு சிட்டிகை போதும்.

ஐந்தாவது வேலை: நோட்டும் பொறுமையும்

தினமும் காலை ஏழு மணிக்கு நீர்மட்டம், இ.சி., பி.எச். மூன்றையும் நோட்டில் எழுதுகிறேன். நேரம் முக்கியம். டிரம்மில் வெளிச்சம் புகுந்து பாசி பிடித்திருந்தால் பகலில் பாசி கரியமில வாயுவை உறிஞ்சி பி.எச். ஏறும், இரவில் இறங்கும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று அளந்தால் பைத்தியம்தான் பிடிக்கும். நீல டிரம் வெளிச்சத்தைக் கொஞ்சம் விடும். கருப்புத் தாளைச் சுற்றி, அதன்மேல் வெள்ளை அடித்துவிடுங்கள்.

5.6-க்கும் 6.4-க்கும் இடையில் எண் எங்கே இருந்தாலும் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். புதியவர்கள் செய்யும் பெரிய தவறு இங்கேதான். 6.0 என்று எழுதிவைத்துக்கொண்டு காலையில் அமிலம், மாலையில் காரம் என்று மாற்றி மாற்றி விட்டால் வேருக்கு நிம்மதியே இராது. நைட்ரேட்டை வேர் எடுக்க எடுக்க பி.எச். நாளுக்கு 0.1, 0.2 என்று தானாக ஏறுவது இயல்பு. செடி சாப்பிடுகிறது என்று அர்த்தம். 6.5-ஐத் தொட்டால் மட்டும் இறக்குங்கள். ஏறிக்கொண்டிருந்தது ஒரே நாளில் 5-க்குக் கீழே சரிந்தால் அமிலக் கணக்கை விட்டுவிட்டு வேரைத் தூக்கிப் பாருங்கள். வெள்ளையாக இருக்க வேண்டிய வேர் பழுப்பேறி, இழுத்தால் தோல் உரிந்து நூல் மட்டும் நின்றால் அழுகல்.

நீர்மட்டம் குறைந்து இ.சி. ஏறினால் செடிக்குத் தாகம் அதிகம்: வெறும் மழைநீர் ஊற்றுங்கள். இரண்டும் சேர்ந்து குறைந்தால் பசி: பாதி அடர்த்தியில் கரைசல் கலந்து ஊற்றுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மொத்தத்தையும் மாற்றிவிடுவது என் பழக்கம். பழைய கரைசலை வாய்க்காலில் விடாமல் கொல்லையிலுள்ள வாழைக்கு ஊற்றுகிறோம். அப்பாவுக்கு என் விவசாயத்தில் பிடித்த ஒரே பகுதி அந்த வாழைத்தார்.

சித்திரை வெயிலைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். இங்கே ஒன்று மட்டும். 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் தாங்கும். 30 டிகிரியில் 7.5-தான். மாடியில் வெயில் படும் டிரம் மதியம் அதையும் தாண்டிச் சுடும். வேர் மூச்சுத்திணறி அழுகல் அதைத் தொடர்ந்து வரும். டிரம்மை மாடியிலிருந்து இறக்கி மாமர நிழலில் இடுப்பளவு புதைத்து, மேலே ஈரச்சாக்கு போர்த்தினேன். லெட்டூஸை அந்த மூன்று மாதம் மறந்தே விடுங்கள். வள்ளைக்கீரை, பொன்னாங்கண்ணி போட்டால் போதும். மின்சாரம் போகும் மதியங்களுக்குப் பேட்டரியில் ஓடும் சிறிய காற்றுமோட்டார் ஒன்று வாங்கிவைத்தால் இரவில் தூக்கம் வரும்.

கடைசியாக, ஆண்டுக்கு ஒரு முறை பரிசோதித்துவிட்டு அந்த அறிக்கையையே கட்டிக்கொண்டு அழாதீர்கள். என் ஆழ்குழாய் நீருக்கு மே மாதக் கடைசியில் 14 சொட்டு ஆகிறது. ஜனவரியில் 10 சொட்டுக்கே நிறம் மாறுகிறது. நிலத்தடியில் மழை இறங்கினால் தண்ணீரின் குணம் மாறும், கலவைக் கணக்கும் மாறும். மேட்டூர் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. ஊரில் எல்லோரும் குறுவைக்கு நாற்றங்கால் பேசிக்கொண்டிருக்கும் அந்த வாரத்தில் ஒரு முறை, பொங்கல் முடிந்த வாரத்தில் ஒரு முறை, 5 மில்லி தண்ணீர் பிடித்துச் சொட்டு எண்ணுகிறேன். போன ஜூனில் அப்பாதான் குலுக்கினார். பதின்மூன்றாவது சொட்டிலேயே மஞ்சள் வந்துவிட்டது என்றார். எனக்கு இன்னும் நீலமாகத்தான் தெரிந்தது. நோட்டில் பதினான்கு என்று எழுதினேன், பக்கத்தில் பென்சிலால் பதின்மூன்றும்.